அறுபத்தெட்டுக்கு மேல் ஆபத்து

கோல் கம்பத்துக்குப் பின்னால் பித்தளை வெப்பமானி நிற்கும் கால்பந்துத் திடல் உலகத்திலேயே தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மெர்பாவ் பொறியியல் கல்லூரி பெருமையடித்துக்கொள்கிறது. இருக்கட்டும். வேறு எவனுக்கும் அந்த யோசனை வந்திருக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெப்பமானிக்கும் பந்துக்கும் முடிச்சுப் போட்டவர் ஒரு கொடையாளர். சிங்கப்பூர் முழுக்க அறை குளிரூட்டும் ஏர்கான் விற்றுப் பெரிய ஆளானவர். வயதான காலத்தில் அவருக்கு இரண்டு ஆசைகள் மிஞ்சியிருந்தன. சின்ன வயதில் ஆடக் கிடைக்காத கால்பந்து ஒன்று. தனக்குச் சோறு போட்ட சூட்டின் வரலாறு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் வம்பே இல்லை. மனுஷன் ஒரே காசோலையில் கொடுத்துவிட்டார். ஒரே காசோலை என்றால் ஒரே திட்டம்தான் என்று நிதிப் பிரிவு கறாராகச் சொல்லிவிட்டது. முதலாண்டு மாணவர்களுக்கான ‘பந்தும் வெப்பமும் உதவித்தொகை’ அப்படித்தான் பிறந்தது. அதைப் பெறுகிறவன் முதலாண்டு அணியில் ஆட வேண்டும். ஆதிகால வெப்பமானிகளைப் பற்றி ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றில் சறுக்கினாலும் உதவித்தொகை போய்விடும்.

ஜாஃபர் இதற்கு விண்ணப்பித்தது கோல் கீப்பராக. லிட்டில் இந்தியாவில் அவனுடைய வாப்பா சாகுல் ஹமீதுக்கு சிம் கார்டும் கைப்பேசி உறையும் விற்கும் ஒரு சின்னக் கடை உண்டு. பையன் இராணுவத்தில் கட்டாய தேசிய சேவையை முடித்துவிட்டு, முடி சரியாக வளர்வதற்கு முன்பே நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தான். ரொம்பக் கெட்டிக்காரனும் இல்லை, மக்கும் இல்லை. பந்து தன்னை நோக்கி வந்தால் பிடிப்பான். தானாக எதையும் நோக்கி ஓடிப் பழக்கமில்லாதவன்.

நேர்காணலில் அவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: “பந்து உங்களை நோக்கி வருகிறது. அப்போது அதன் வெப்பநிலை என்ன?”

“தெரியல சார். க்ளவுஸ் போட்டிருப்பேன்.”

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அளக்க முடியாததை அளக்க முடியாது என்று துணிந்து சொல்லும் பொறியியல் மனம் என்று யாரோ குறித்துக்கொண்டார்கள். ஜாஃபருக்கு இடம் கிடைத்தது. அதே நாளில் தஞ்சோங் பகாரிலிருந்து வந்திருந்த ரித்திக் என்ற ஒல்லிப் பையனுக்கும் கிடைத்தது. ரித்திக்கிடம் பந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் திடலின் அந்தப் பக்கம் போய்த்தான் நின்றான். இருவரும் அன்றைக்கே சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். சேர்ந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது ரித்திக், “இது மட்டும் கெடைக்கலன்னா எனக்கு காலேஜே இல்ல தெரியுமா?” என்றான். ஜாஃபர் தனக்கும் அப்படித்தான் என்றான்.

இனி அந்த வெப்பமானி. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன்காரர் செல்சியஸ் தன் அளவுகோலை முதலில் தலைகீழாகத்தான் போட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அவருக்கு நீர் கொதிக்கும் இடம் பூஜ்யம். உறையும் இடம் நூறு. அவர் கண்ணை மூடிய பிறகு மற்றவர்கள் அதை நேராக்கிக்கொண்டார்கள். உலகமும் நிம்மதியாக இருந்தது. மெர்பாவ் கல்லூரியின் மரபுக் குழுவுக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. மூலத்தை மூலமாகவே போற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டு, தலைகீழ் அளவுகோலோடு ஒரு பித்தளை வெப்பமானியைச் செய்வித்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் நட்டுவிட்டார்கள். திடலில் அளவுக்கு மீறிய சூடு இருந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் அல்லவா? அதையும் இனிமேல் இதுவே சொல்லும் என்றார்கள். மற்ற கருவிகளுக்கு அங்கீகாரம் கிடையாது.

பழைய பாதுகாப்பு விதி எளிமையானது. ‘வெப்பநிலை முப்பத்திரண்டுக்கு மேல் போனால் ஆட்டத்தை நிறுத்துக.’ புது அளவுகோலில் முப்பத்திரண்டு எங்கே வரும்? நூறிலிருந்து கழித்தால் அறுபத்தெட்டு. பாதுகாப்புக் குழு உட்கார்ந்து, கழித்து, எண்ணை மாற்றியது. ஆனால் அந்தக் குழுவுக்கு எண்ணை மாற்றத்தான் அதிகாரம். வாசகத்தில் கைவைக்கும் அதிகாரம் சட்டப் பிரிவுக்கு. சட்டப் பிரிவு விதியைப் படித்துப் பார்த்தது. அதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆகவே விதி இப்படி நின்றது: ‘வெப்பநிலை அறுபத்தெட்டுக்கு மேல் போனால் ஆட்டத்தை நிறுத்துக.’

தலைகீழ் அளவுகோலில் அறுபத்தெட்டுக்கு மேல் என்றால் குளிர்ச்சி. கீழே என்றால் கொளுத்தல். இதை இரண்டு முறை சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அந்தக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் நூற்றுக்கு மேல்.

வெப்பமானியைப் பார்த்து சிவப்புக் கொடியை உயர்த்தும் பொறுப்பு ஜாஃபருக்கு வந்தது. கோல் கீப்பருக்குப் பெரும்பாலும் வேலையில்லை, வெப்பமானியும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று பயிற்சியாளர் மாணிக்கம் காரணம் சொன்னார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறினால் கீப்பர் எதிர்ப்பக்கம் போய்விடுவானே என்று கேட்டார்கள். மெர்பாவ் திடலில் இனிப் பக்கம் மாறுவதில்லை என்று முடிவாயிற்று. வருகிற அணிகள் தகராறு செய்தால், “இது ஹெரிட்டேஜ் சைட் லா” என்று சிங்கப்பூர்ப் பேச்சில் இழுத்து மாணிக்கம் சமாளிப்பார்.

முதல் ஆட்டம் ஒரு மாலையில். மதியம் நல்ல மழை. காற்று சில்லென்று வீசியது. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் ஜாஃபர் திரும்பிப் பார்த்தான். பாதரசம் எழுபத்தைந்தில் நின்றது. விதி விதிதானே? கொடியை உயர்த்தினான்.

நடுவர் விசில் ஊதினார். வெப்பத்தாக்கு நெறிமுறை அமலுக்கு வந்தது. மாணிக்கம் ஐஸ் பெட்டியின் பூட்டைத் திறந்தார். அந்தப் பெட்டி அறுபத்தெட்டுக்கு மேல் போனால் மட்டுமே திறக்கப்படும். ஐஸை யாரும் சொந்த உபயோகத்துக்கு எடுத்துவிடக் கூடாது பாருங்கள். நனைந்த பையன்களை நிழலில் படுக்கவைத்தார்கள். நிழல் என்று தனியாக ஒன்றும் இல்லை, வானம் முழுக்கவே மேகம். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் துண்டு போட்டு, இரண்டு பேர் அட்டையால் விசிறினார்கள். பையன்களுக்குப் பல் கிடுகிடுத்தது.

“டேய், எனக்குக் குளிருதுடா” என்றான் ரித்திக்.

“நடுக்கம் கூட ஹீட் ஸ்ட்ரோக்கோட சிம்ப்டம்தான். படு, படு” என்று மாணிக்கம் இன்னொரு துண்டு வைத்தார்.

அடுத்த மூன்று மாலைகளிலும் அப்படியே நடந்தது. எந்த ஆட்டமும் முடியவில்லை. கல்லூரி கவலைப்பட்டது. ஆராய ஓர் ஆள் அமர்த்தப்பட்டு, நாள் முழுவதும் வெப்பமானியைப் படித்து, மாலை நேரங்கள் மிகவும் அபாயகரமானவை என்றும், மதியம் ஒரு மணிதான் திடலில் ஆகப் பாதுகாப்பான நேரம் என்றும் வண்ண வண்ணப் படங்களோடு நிரூபித்தார். அன்றிலிருந்து முதலாண்டு அணியின் ஆட்டங்கள் மதியம் ஒரு மணிக்கு. சிங்கப்பூர் வெயிலில், பகல் ஒரு மணிக்கு.

ஜாஃபருக்கு விஷயம் புரிந்தது தன் ஆராய்ச்சிக்காக நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது. அவன் வேண்டி விரும்பிப் படிக்கவில்லை. உதவித்தொகையின் பாதிக் கடமை அது. செல்சியஸின் தலைகீழ்க் கோலைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். அடக் கடவுளே, நாம் சூட்டில் ஆடிக் குளிரில் நிறுத்திக்கொண்டிருக்கிறோம்!

அந்த வாரமே முதலாண்டு மாணவர்கள் முன்னால் அவன் ஆய்வுரை நிகழ்த்த வேண்டியிருந்தது. கடைசிப் படத்தில் விதியையும் அளவுகோலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, தயங்கித் தயங்கிச் சொல்லியும் விட்டான். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர், படங்களின் பின்னணி நீலம் கல்லூரியின் அங்கீகரிக்கப்பட்ட நீலமா என்று கேட்டார். வேறு கேள்வி வரவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். மாணவர் மேன்மைப் பிரிவின் இயக்குநர் டாக்டர் இருதயராஜைத் தேடிப் போனான். இருதயராஜ் பள்ளிக்கூட நாள்களில் பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கியவர். வழக்கமான கூட்டங்களில் ஆங்கிலம்தான். தமிழ்ப் பையன் யாராவது மாட்டினாலோ ஒலிபெருக்கி கிடைத்தாலோ போதும், மேடைத்தமிழ் மடை திறந்துவிடும்.

“சார், ஒரு சின்ன விஷயம். அந்த ஸ்கேல்ல சூடு ஏற ஏற நம்பர் இறங்கும். நம்ம ரூல்ல நம்பர் ஏறினா நிறுத்தணும்னு இருக்கு. அதனால கூலா இருந்தா நிறுத்துறோம், ஹாட்டா இருந்தா விளையாடுறோம்.”

“தம்பி, உம்முடைய ஆர்வத்தைப் போற்றுகிறேன். எண் சரியானதுதானே?”

“சரிதான் சார்.”

“வாசகம் சரியானதுதானே?”

“தனியா பாத்தா சரிதான் சார்.”

“எண்ணும் சரி, வாசகமும் சரி. பிறகு பிழை எங்கிருந்து வந்தது?”

“ரெண்டையும் சேத்துப் பாத்தா தப்பா வருது சார்.”

“சேர்த்துப் பார்ப்பதற்கு நம் கல்லூரியில் குழு ஏதும் இல்லையே!” இருதயராஜ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “மரபுக் குழு தன் கடமையைச் செய்தது. பாதுகாப்புக் குழு தன் கடமையைச் செய்தது. சட்டப் பிரிவும் தன் கடமையைச் செய்தது. இத்தனை பேர் கடமையைச் செய்த பின் ஒரு தவறு நேர்ந்திருக்கிறது என்று சொன்னால் யாரை நாம் அவமதிக்கிறோம்? மேலும், கொடையாளர் தம் கையால் திறந்துவைத்த கருவி அது. உம்முடைய உதவித்தொகையின் புதுப்பிப்பில் ‘மரபின்மீதான பற்று’ என்று ஒரு கூறு உண்டு. உமக்கு அதில் நல்ல எதிர்காலம் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.”

தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது வாப்பா மகிழ்ச்சியாக இருந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சிம் கார்டோடு சேர்த்து மகனுடைய உதவித்தொகையையும் காட்டிக்கொண்டிருந்தார் மனுஷன். “பந்தைப் புடிச்சே இஞ்சினியர் ஆகப்போறான்னு சொன்னேன், பங்களாதேஷ் தம்பி ஒருத்தர் கையைக் குலுக்கிட்டுப் போறாரு!” ஜாஃபர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்லிவிட்டோமே, இனி அவர்கள் பாடு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தச் சமாதானம் சோற்றோடு இறங்க மறுத்தது.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி வெயிலில் கோல் வலைக்கு முன்னால் நின்றான். அவனுக்குப் பரவாயில்லை, நிற்கிற வேலை. மற்றவர்கள் ஓடினார்கள். எல்லாரையும்விட ரித்திக் ஓடினான். பந்து இருக்கிற இடத்துக்கும் ஓடினான், இல்லாத இடத்துக்கும் ஓடினான். ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்டான். கோல் போட்டால் திரும்பி, திடலின் மறுகோடியில் நிற்கும் ஜாஃபரைப் பார்த்துக் கையாட்டுவான். ஜாஃபரும் ஆட்டுவான். பிறகு திரும்பி வெப்பமானியைப் பார்ப்பான். அறுபத்தாறு. சில நாள் அறுபத்தைந்து. விதிப்படி அருமையான பருவநிலை.

கொடி அவன் காலடியிலேயே கிடக்கும். எடுத்து உயர்த்த ஒரு நொடி போதும். தப்பான சைகை என்று உதவித்தொகை போகும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவனுக்கு மலையாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும், அடுத்த ஆட்டத்தில் கண்டிப்பாக உயர்த்திவிடலாம் என்று நினைத்தான். அந்த நினைப்பே அவனை இன்னும் கேவலமாக உணரச் செய்தது. ஆட்டம் முடிந்து ரித்திக் தலையைக் குழாயடியில் காட்டிக்கொண்டு, “செம்ம ஹீட் லா இன்னிக்கி” என்பான். ஜாஃபர் அவன் முகத்தைப் பார்க்காமல், ஆமாம் என்பான்.

கொடையாளர் கோப்பைக்கான ஆட்டம் வந்தது. காற்றே இல்லாத நாள். செயற்கைப் புல்லிலிருந்து ரப்பர் வாடை எழும்பியது. குளிரூட்டிய பந்தலுக்குள் இருந்து இருதயராஜ் ஒலிபெருக்கியில் வரவேற்றார்: “அறுபத்துநான்கு! நம் திடலின் வரலாற்றிலேயே இத்தகைய பாதுகாப்பான பிற்பகல் வாய்த்ததில்லை என்பதை நெஞ்சம் நிமிரத் தெரிவித்துக்கொள்கிறேன்!” பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பந்தலுக்கு வெளியே கைதட்டுகிற தெம்பு யாருக்கும் இல்லை.

இரண்டாம் பாதியில் ரித்திக்கின் ஓட்டம் ஒரு மாதிரி ஆயிற்று. கால் எங்கோ போனது, உடம்பு எங்கோ போனது. ஒரு தடவை பந்தை விட்டுவிட்டுச் சும்மா நின்று ஜாஃபர் பக்கம் பார்த்தான். கை ஆட்டவில்லை. ஜாஃபர் குனிந்து கொடியைத் தொட்டான். தொட்ட கை அங்கேயே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம்தானே, முடிந்துவிடும் என்று மனசுக்குள் யாரோ சொன்னார்கள். யாரோ என்ன யாரோ, அவனேதான் சொல்லிக்கொண்டான்.

ரித்திக் முகம் குப்புற விழுந்தான்.

ஜாஃபர் கோலை விட்டு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது ரித்திக்கின் தோல் அடுப்புச் சட்டி போலச் சுட்டது. வியர்வை இல்லை. கண் செருகியிருந்தது. ஏதோ உளறினான்.

“கோச், ஐஸ்! ஐஸ் கொண்டாங்க!”

மாணிக்கம் பெட்டியின் அருகில் சாவியோடு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. “எப்படிப்பா தெறக்கிறது? அறுபத்துநாலுதானே காட்டுது. அறுபத்தெட்டுக்கு மேல போனாத்தான் தெறக்கலாம். கேமரா இருக்குப்பா, எனக்கும் குடும்பம் இருக்கு.”

“கோச், அவன் செத்துடுவான்!”

“ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. நான் வேற என்ன பண்ண? நீயே சொல்லு.” கெட்டவர் இல்லை அவர்.

அப்போது ஜாஃபர் செய்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு, நினைவு தப்பிக் கிடந்த சிநேகிதனைத் தாண்டி, திடலின் குறுக்கே திரும்ப ஓடினான். வெப்பமானியின் அடியில் இருந்த பாதரசக் குமிழின்மேல் அந்தத் தண்ணீரை ஊற்றினான். குளிர்ந்த தண்ணீர். பாதரசம் மெல்ல இறங்கியது. எண் மெல்ல ஏறியது. அறுபத்தாறு. அறுபத்தேழு. புட்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. அறுபத்தொன்பது.

“கோச்!” என்று கத்திக்கொண்டே கொடியை உயர்த்தினான்.

மாணிக்கம் பூட்டைத் திறந்தார். ஐஸ் வந்தது.

பிறகு ஆம்புலன்ஸும் வந்தது. ரித்திக் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஓடியாடுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

கல்லூரி விசாரணைக் குழு அமைத்தது. நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள், பதினெட்டு டிகிரி ஏர்கான். சட்டப் பிரிவிலிருந்து தாரணி என்ற அம்மாள் வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமை இருதயராஜ்.

ஜாஃபர் உட்காராமலே ஆரம்பித்தான். “சார், தப்பு என்னோடது. எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். அவன் தள்ளாடுறதப் பாத்தேன். கொடியத் தூக்கியிருக்கணும். ஸ்காலர்ஷிப் போயிடும்னு தூக்கல.”

“வெப்பமானி அப்போது என்ன காட்டியது?” என்று கேட்டார் தாரணி.

“அறுபத்துநாலு மேடம்.”

“அறுபத்தெட்டுக்கு மேலயா, கீழயா?”

“கீழ. ஆனா...”

“கீழன்னா நீங்க கொடியத் தூக்காதது கரெக்ட். தூக்கியிருந்தாத்தான் தப்பு. செய்யாத தப்ப இந்தக் குழுவால பதிவு பண்ண முடியாது.”

“மேடம், சூடா இருந்துச்சு! எல்லாருக்கும் சூடா இருந்துச்சு! நீங்ககூட டென்ட்டுக்குள்ளதானே இருந்தீங்க!”

தாரணி ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டார். அது அவருடைய தனிப்பட்ட உடல் விவகாரம் என்றும் விசாரணைக்கு உட்பட்டதல்ல என்றும் சொன்னார்.

இருதயராஜ் எழுந்தார். “தம்பி ஜாஃபர்! உம்முடைய உள்ளம் உருகுவதைக் காண்கிறேன். ஆனால் இக்குழு கண்ட உண்மை வேறு. அன்றைய தினம் சூடு இல்லை என்பதைக் கருவி நிரூபித்திருக்கிறது. சூடு இல்லாத இடத்தில் சூட்டினால் ஒருவர் விழ முடியாது. ஆகவே மாணவர் ரித்திக் விழுந்தது தண்ணீர் குடிக்கும் ஒழுக்கத்தில் அவர் காட்டிய அலட்சியத்தால். பாதுகாப்பான பருவநிலையில் ஆட்டம் முடியும் முன் திடலை விட்டு நீங்கியதால் அவருடைய உதவித்தொகை தானாகவே காலாவதியாகிறது. எமக்கும் வருத்தம்தான். ஆனால் உம்மைப் பாரும்! நண்பன் உயிருக்குப் போராடும் அந்த நொடியிலும் நீர் விதியை மீறவில்லை. பெட்டியின் பூட்டை உடைத்தீரா? இல்லை. கையில் இருந்த தண்ணீரை நண்பன்மேல் ஊற்றினீரா? இல்லை! அதை நம் மரபின்மேல் ஊற்றினீர். எண் அறுபத்தெட்டைத் தாண்டும் வரை காத்திருந்தீர். இதைவிட ஒரு நிறுவனம் தன் மாணவனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ரித்திக்கின் உதவித்தொகையையும் உமக்கே சேர்த்து வழங்க இக்குழு பரிந்துரைக்கிறது.”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தத் தண்ணீர். அதை ரித்திக்மேல் ஊற்றியிருக்கலாம். அந்த யோசனை அப்போது தனக்கு வரவே இல்லை என்பது அந்த நிமிடம்தான் ஜாஃபருக்கு உறைத்தது.

“எனக்கு வேணாம் சார். என்னுதும் வேணாம். எடுத்துக்குங்க.”

உதவித்தொகையை விடுவதற்கு மூன்று காரணங்கள்தான் ஏற்கப்படும் என்று தாரணி விளக்கினார்: மரணம், வெளிநாட்டுக் குடியேற்றம், வேறு பெரிய உதவித்தொகை. குற்ற உணர்ச்சி அவற்றில் இல்லை. அதற்கு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது என்று வழிகாட்டினார்.

போனான். ஆலோசகர் அன்பான பெண். காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: “உங்க கில்ட் லெவல் பூஜ்யத்திலேர்ந்து நூறுக்குள்ள எங்க இருக்குன்னு சொல்வீங்க?”

“எது பூஜ்யம் மேடம்? கொதிக்கிறதா, உறையிறதா?”

அவர் அதைக் கேட்டுச் சொல்வதாக எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை ஜாஃபர் தஞ்சோங் பகாருக்குப் போனான். ரித்திக்கின் அம்மா கமலா எம்ஆர்டி நிலையத்தில் பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவர். அன்று விடுப்பு. கதவைத் திறந்ததும் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“வா ஜாஃபர், வா. காலேஜ்லேர்ந்து சொன்னாங்க, நீதான் ஐஸ் வரவச்சு என் பிள்ளையக் காப்பாத்துனியாம். உனக்கு நான் என்னப்பா செய்வேன்?”

உட்காரவைத்து மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். ரித்திக் சோபாவில் சாய்ந்திருந்தான். ஏற்கெனவே ஒல்லி; இப்போது சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. ஜாஃபரைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஜாஃபர் மைலோவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். அளவுகோல் தலைகீழ் என்பதை. அது தனக்குத் தெரியும் என்பதை. கொடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்ததை. அழுதுகொண்டே சொன்னான், பாதிச் சொற்கள் மூக்கில் போயின.

ரித்திக்தான் முதலில் பேசினான்.

“தெரியும்டா. நீதான் ஒன் ஆராய்ச்சி டாக்ல சொன்னியே, நானும் அங்கதானே உக்காந்திருந்தேன்? ஃபோன்ல பாத்தாலே முப்பத்தஞ்சு, முப்பத்தாறுன்னு காட்டும். எனக்கும் ஸ்காலர்ஷிப் வேணும்ல, அதான் ஓடினேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “ரொம்ப மோசமாச்சுன்னா நீ தூக்கிடுவேன்னு நெனச்சேன். ஒன்னையே பாத்துக்கிட்டுத்தான் ஓடினேன்.”

அவன் குற்றம்சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஜாஃபர் நிமிரவே இல்லை.

கமலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இருப்பா. ஒனக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும். கோச்சுக்கு?”

“தெரியும் ஆன்ட்டி.”

“அந்த இருதயராஜ் சாருக்கு? ஃபோன் போட்டு அவ்ளோ அழகா தமிழ் பேசுனாரே, அவருக்கு?”

“தெரியும். நானே போய்ச் சொன்னேன்.”

கமலா எதிரில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். மேசை விசிறி ஒருமுறை அவர் பக்கம் திரும்பி, பிறகு ரித்திக் பக்கம் போயிற்று.

“ஒவ்வொரு மேட்சுக்கும் காலையில எழுப்பி, ஜெர்சிய இஸ்திரி போட்டு, நல்லா ஓடுடா கண்ணுன்னு சொல்லித்தான் அனுப்புனேன்” என்றார். “அப்ப அங்க தெரியாதவ நான் ஒருத்தி மட்டும்தானா?”